பின்சீட்டில் ஒரு சத்தம்

கையை எடுத்த பிறகும் சத்தம் திரும்பி வரவில்லை. பூர்ணாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

நியாயமாக அது திரும்பி வந்திருக்க வேண்டும். வண்டியில் கடகடப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவள் கணவன் ராகவேந்திரா வைத்திருந்த முறையே அதுதான். மல்லாபூர் ஃபாக்டரிகளுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளரவம் இல்லாத, குண்டும் குழியுமான ரோட்டில் அவன் வண்டியை மெல்ல ஊர விடுவான். பூர்ணா பின்சீட்டில் உட்கார்ந்து, கதவு ஓரம், ஜன்னல் ரப்பர், சீட் பெல்ட் கொக்கி என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வருவாள். அழுத்தினால் நின்று, கையை எடுத்ததும் மறுபடி தொடங்கினால், சத்தம் குடியிருக்கும் இடம் அதுதான். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்து, வீட்டுக்குப் போய்க் கழற்றி, திருகை முடுக்கி, ஃபெல்ட் துணி ஒட்டுவான். கை கண்டுபிடிக்கத்தான் செய்யும். சரி செய்யாது.

அது பழைய ஸ்டேஷன் வேகன். திருமுல்கேரியில் இருந்த ராணுவ அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றது. குடும்பம் பெருகப் போகிறது, தொட்டில் வைக்கவும் இடம் இருக்கும் என்று ஆசையாக வாங்கினான் ராகவேந்திரா. ஹாரனைத் தவிர வண்டியில் எல்லாமே சத்தம் போட்டது. மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிற மனிதனால் அதைச் சும்மா விட முடியுமா? ஆறவே இல்லை அவனுக்கு. ஒரு பெரிய சத்தம் போனால் அதன் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் தலைகாட்டும். அதைத் துரத்திப் பிடித்தால் அதைவிடச் சின்னது ஒன்று. சாப்பிடும்போதுகூட தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்துக்கொண்டிருப்பான்.

ஏழாம் மாத வயிற்றோடு பூர்ணாவால் குனிய முடியாமல் போனதும், அந்த வேலை நான்கு வயது மகளிடம் போனது.

"ஹர்ஷு கை சின்னது, இடுக்குல எல்லாம் போகும்," என்றான் ராகவேந்திரா. பின்சீட்டுக்குத் திரும்பி, பெரிய மனிதரிடம் சொல்வது போல மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். "சத்தம்னா என்ன தெரியுமா? எதோ ஒண்ணு உள்ள ஆடுதுன்னு அர்த்தம். ஆடறதக் கையால பிடிச்சுட்டா சத்தம் போயிடும். எங்க ஆடுதுன்னு காதை வெச்சுப் பாரு. அங்க கையை வை."

ஹர்ஷிதா தமிழ் புரிந்துகொள்வாள். பதில் மட்டும் ஸ்கூலில் பழகிய தெலுங்கில்தான் வரும். அவள் பின்பக்கத்து நீண்ட தட்டில் காதை ஒட்ட வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சக்கரத்துக்கு மேலே இருந்த அட்டையில் கையை வைத்தாள். கடகடப்பு நின்றது.

"ஆகிபோயிந்தி," என்றாள். நின்றுவிட்டதாம்.

"ஷாபாஷ்! இப்ப கையை எடு."

எடுத்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இன்னொரு பள்ளம். சத்தம் இல்லை.

சாயங்காலம் அடுக்குமாடி வீட்டின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், ராகவேந்திரா அந்த அட்டையைக் கழற்றினான். பூர்ணா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த வாடை. மௌலா அலி ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி ஒன்று இழுத்துக்கொண்டு போகிற ஓசை தூரத்தில் கேட்டது. அட்டைக்கு உள்ளே, ஜாக்கியைத் தாங்குகிற இரும்புப் பட்டையில் ஒரு திருகுகூட இல்லை. துளைகள் துருப்பிடித்துக் காலியாக இருந்தன. தொட்டால் விழவேண்டிய பட்டை, எதிலும் ஒட்டாமல், எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நின்றது. ராகவேந்திரா விரலால் சுண்டினான். அசையவில்லை. ஸ்பேனரால் தட்டினான். இரும்பில் இரும்பு பட்டது. ஓசை எழவில்லை.

"துருப்பிடிச்சு இறுகியிருக்கும்," என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டு அட்டையை மறுபடி மூடினான். சத்தம் நின்ற சந்தோஷத்தில் அவனுக்கு மற்றது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பூர்ணாவுக்கு அன்றிலிருந்தே நிலைகொள்ளவில்லை.

அந்த வாரம் சமையலறையில் ஃபிரிட்ஜ் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது. பூர்ணா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உறுமல் பாதியில் அறுந்து நின்றது. திரும்பிப் பார்த்தால், ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்து, உள்ளங்கையை விரித்து அழுத்தியபடி ஹர்ஷிதா. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பாராட்டை எதிர்பார்க்கிற சிரிப்பு.

உள்ளே விளக்கு எரிந்தது. குளிர் இல்லை. மறுநாள் பால் திரிந்து போயிருந்தது. வந்து பார்த்த மெக்கானிக், கம்ப்ரஸர் உள்ளுக்குள் இறுகிவிட்டது, இப்படி ஒரு இறுக்கத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லித் தலையைச் சொறிந்தான்.

"பழைய ஃபிரிட்ஜ், பூர்ணா. அதுக்குப் போய் குழந்தையச் சொல்றியே," என்றான் ராகவேந்திரா.

அவளும் அப்படித்தான் நினைக்க விரும்பினாள். எதிர்வீட்டு எட்வின் வராமல் இருந்திருந்தால் நினைத்தும் இருப்பாள்.

எட்வின் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பொது வராந்தாவில் ஒரு கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். அதில் ஒரு மஞ்சள் குருவி விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஓயாமல் கத்தும். அவர் கதவைத் தட்டியபோது மத்தியானம். வெயில் வராந்தாத் தரையில் வெள்ளையாகக் கிடந்தது.

"கொஞ்சம் வந்து பாருங்கம்மா. உங்க பாப்பா கூண்டுக்குள்ள கைய விட்டு அதைப் பிடிச்சுப் பாத்துச்சு. நசுக்கல்லாம் இல்ல, மெதுவாத்தான் பிடிச்சுது, நான் பக்கத்துலயே இருந்தேன். ஆனா இப்ப அது..."

அவரால் முடிக்க முடியவில்லை. மஞ்சள் குருவி குச்சியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. அலகும் கத்துகிற மாதிரியே பாதி திறந்திருந்தது. இறகு கலையவில்லை. பூர்ணா குனிந்து அதன் மார்பைப் பார்த்தாள். குருவிக்கு மார்பு எப்போதும் படபடவென்று துடித்துக்கொண்டே இருக்கும். இதற்குத் துடிக்கவில்லை. விழவும் இல்லை. மற்ற குருவிகள் எல்லாம் கூண்டின் எதிர்மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொண்டிருந்தன.

அன்று ராத்திரி கணவனிடம் அழுதே சொன்னாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். "நீ சரியாத் தூங்கறதில்ல. அதான் இப்படி எல்லாம் தோணுது. நக்கோ, வேணாம் பூர்ணா, மனசப் போட்டு அலட்டிக்காத," என்றான். நல்ல மனிதன். ஆனால் அவன் கை தலையில் இருந்ததே தவிர, காது வேறெங்கோ இருந்தது. "அந்த டிக்கிக் கதவு இன்னும் லேசா முனகுது. ஞாயித்துக்கிழமை ஹர்ஷுவ விட்டுப் பாக்கணும்."

வண்டியில் சத்தங்கள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. டிக்கிக் கதவு. முன்கண்ணாடி. ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கோ ஒரு கிறீச். ஃபெல்ட்டும் தேவைப்படவில்லை, ஸ்பேனரும் தேவைப்படவில்லை. மகளின் உள்ளங்கை போதும். ராகவேந்திராவுக்குத் தலைகால் புரியவில்லை. பூர்ணாவுக்கோ அந்த வண்டியில் ஏறினாலே காது அடைத்தது. எஞ்சின் இருப்பதற்கு அடையாளமாகக் காலடியில் ஒரு சூடு மட்டும் இருந்தது.

நிசப்தம் என்றால் நிம்மதி என்று அவனுக்கு. அவளுக்கு அப்படி இல்லை. போன முறை உண்டானபோது ஐந்தாம் மாதத்தில், ஸ்கேன் அறையில், டாக்டர் வயிற்றின் மேல் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஸ்பீக்கர் குமிழைத் திருகினார். இன்னும் திருகினார். ஒன்றும் கேட்கவில்லை. ஏ.சி.யின் இரைச்சல்கூட அந்த நேரத்தில் நின்றுபோன மாதிரி இருந்தது. அதன் பிறகு இது உண்டாகும் வரை அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இந்தப் பிள்ளை தங்க வேண்டும். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

இந்த முறை ஸ்கேனுக்கு ஹர்ஷிதாவையும் ராகவேந்திரா அழைத்து வந்துவிட்டான். அறை இருட்டாக, ஜெல்லின் குளிர்ந்த வாடையோடு இருந்தது. கருவி வயிற்றில் பட்டதும் ஸ்பீக்கர் நிறைய அந்த ஓசை கிளம்பியது. டக்டக் டக்டக் டக்டக். அவசரமாக, திடமாக, ஓடி வருகிற மாதிரி. பூர்ணாவுக்குக் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. சந்தோஷத்தில் தலையைத் திருப்பினாள்.

ஹர்ஷிதா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

"அம்மா லோபல சப்புடு," என்றாள். அம்மாவுக்கு உள்ளே சத்தம்.

"ஹவ், ஆமா, சத்தம்தான்," என்று சிரித்தான் ராகவேந்திரா. "தம்பியோ தங்கச்சியோ, உள்ள ஆடிட்டிருக்கு."

குழந்தை கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கேள்வி. ஆடுகிறது என்று தெரிந்தும் ஏன் இவர் சும்மா இருக்கிறார் என்பது போல. பிறகு அவள் பார்வை அம்மாவின் வயிற்றுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

பூர்ணா சட்டென்று புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். ஜெல்லைக்கூடத் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வாழ்ந்த வாழ்க்கையை யாரிடமும் சொல்ல முடியாது. மகள் ஓடி வந்து கட்டிக்கொள்ள வந்தால் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டாள். படுக்கையில் இருவருக்கும் நடுவில் தலையணைகளை அடுக்கினாள். அம்மா மேல் கை போடாமல் தூங்கிப் பழகாத குழந்தை, தலையணைக்கு அந்தப் பக்கம் தேம்பித் தேம்பித் தூங்கியது. பூர்ணா விழித்துக்கொண்டு கிடந்தாள். பெற்ற பிள்ளையின் கைக்குப் பயப்படுகிற தாயும் உண்டா? தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தலையணைகளை எடுக்கவில்லை. டிசம்பருக்கு வாங்கிய கம்பளிக் கையுறையைத் தேடி எடுத்து ஹர்ஷிதாவின் கைகளில் மாட்டினாள். சொறி வந்திருக்கிறது, மருந்து போட்டிருக்கிறேன் என்று கணவனிடம் பொய் சொன்னாள். பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாய்வது வரை அந்தக் கையுறை எங்கே என்று பார்ப்பதே அவள் வேலையாகிவிட்டது.

அடுத்த செக்கப் திருமுல்கேரியில், மத்தியானத்துக்கு மேல். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆட்டோவில் போகிறேன் என்று பூர்ணா எவ்வளவோ சொன்னாள். "ஆட்டோல குலுங்கிக்கிட்டா? இந்த நேரத்துலயா? நம்ம வண்டி தொட்டில் மாதிரி போகுது," என்று அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹர்ஷிதாவை எட்வின் வீட்டில் விடலாம் என்று போனால், வீடு பூட்டிக் கிடந்தது. வராந்தாவில் கூண்டையும் காணவில்லை.

முன்சீட்டு பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்பதால் அவள் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். பக்கத்தில் ஹர்ஷிதா, இடுப்பில் பெல்ட்டோடு. கையில் கம்பளிக் கையுறை. வண்டி கிளம்பியது. மௌலா அலி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையில் சடசடவென்று கொட்டியது. அந்த இரைச்சல் பூர்ணாவுக்கு இதமாக இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு மூச்சை முழுசாக இழுத்து விட்டாள்.

ராகவேந்திரா கண்ணாடியில் பார்த்தான். "இந்தப் புழுக்கத்துல குழந்தைக்கு எதுக்கு உல்லன் கையுறை? ஹர்ஷு, கழட்டுடா கண்ணா. வேர்க்குது பாரு."

"வேண்டாம்! ஏங்க, வேண்டாம், சொறி..."

குழந்தை அதற்குள் பல்லால் கடித்து இழுத்துவிட்டாள். ஒன்று. பிறகு மற்றது. வேர்த்து, சிவந்து, சுருங்கிய சின்ன உள்ளங்கைகள்.

பூர்ணாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மகளின் இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. ஆஸ்பத்திரி வரும் வரை விடக்கூடாது. அவ்வளவுதான். கொஞ்ச தூரம்தான். அவள் கைகள் வெடவெடவென்று நடுங்கின.

ஹர்ஷிதா அந்த நடுக்கத்தைக் கவனித்தாள். தலையைச் சாய்த்தாள்.

"இக்கட கூடா," என்றாள். இங்கேயும்.

உள்ளங்கையோடு உள்ளங்கையாக அழுத்தினாள்.

நடுக்கம் நின்றது.

முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளும் பூர்ணாவுடையவையாக இல்லை. வலியில்லை. குளிர்ச்சியில்லை. விரலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. குழந்தை தன் கைகளை அந்தப் பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாக உருவி எடுத்துக்கொண்டாள். பூர்ணாவின் கைகள் மடியின் மேல், எதையோ பிடித்திருக்கும் நிலையிலேயே, அப்படியே நின்றன.

"ஏங்க! வண்டிய நிறுத்துங்க! ஏங்..."

சின்ன உள்ளங்கை அவள் தொண்டையில் பட்டது. மெதுவாக. அன்பாகத்தான்.

குரல் இல்லை. வாய் திறந்திருந்தது. காற்று போய் வந்தது. அவ்வளவுதான்.

"என்னம்மா கூப்பிட்டே?" முன்னால் இருந்து ராகவேந்திரா. மழையில் ரோடு தெரியாமல் கண்ணைச் சுருக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். பதில் வராததால் விட்டுவிட்டான்.

பூர்ணா காலால் முன்சீட்டை உதைத்தாள். ஹர்ஷிதா குனிந்து அம்மாவின் முழங்காலைத் தொட்டாள். ஒன்று. இன்னொன்று. பிறகு பெல்ட் கொக்கியை அமுக்கி விடுவித்துக்கொண்டு சீட்டின் மேல் எழுந்து நின்றாள். கூரையில் கையை வைத்தாள்.

மழை பெய்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் வழிந்தது. சத்தம் இல்லாமல் வழிந்தது. பக்கத்தில் ஒரு சிட்டி பஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. சத்தம் இல்லை. வைப்பர் போய் வந்தது. சத்தம் இல்லை.

"அடேயப்பா!" என்றான் ராகவேந்திரா. அவன் குரல் அந்த வண்டிக்குள் மிகப் பெரிதாகக் கேட்டது. "மழை பெய்யறதே தெரியல. பாத்தியா பூர்ணா? இப்பதான் இது வண்டி!"

அவள் அழுதாள். கண்ணீர் மட்டும்.

வண்டி கன்டோன்மென்ட் ரோட்டில் திரும்பியது. மரங்கள். வேகத்தடை. ஏறி இறங்கியது. ஒன்றுமில்லை. ராகவேந்திரா உதடு பிரியச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு மெல்ல நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இரு. இன்னும் ஒண்ணு இருக்கு."

இல்லை.

"சின்னதா. டக்டக்குன்னு. வேகமா அடிக்குது. உனக்குக் கேக்குதா?"

இல்லை. இல்லை. திரும்பிப் பாருங்கள். ஒரே ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

"பின்சீட்டுப் பக்கம்தான். இத்தனை நாள் மத்த சத்தத்துல தெரியாம இருந்திருக்கு. ஹர்ஷு, எங்கன்னு பாரு கண்ணா."

ஹர்ஷிதா சீட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் புடவைத் தலைப்பை ஒதுக்கினாள். வயிற்றில் காதை ஒட்ட வைத்துக் கண்ணை மூடினாள். தலைமுடியில் தேங்காயெண்ணெய் வாசம். காலையில் பூர்ணாதான் வாரிப் பின்னி விட்டிருந்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. நன்றாக, பலமாக, புடவை அசைகிற அளவுக்கு உதைத்தது. விரிந்த சின்னக் கை வயிற்றின் மேல் நகர்ந்தது. தொப்புளுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கொஞ்சம் கீழே. நின்றது. அழுத்தியது.

முன்சீட்டில் ராகவேந்திரா காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மலர்ந்தது.